ஒன்பது நாள் வெள்ளம்

மார்ச் 4

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே நானும் உன் அண்ணியும் நலம். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? வீட்டில் ஒரு மருந்துக்கடைக்காரரை வைத்துக்கொண்டு மாத்திரை போட மறுப்பவள் நீ ஒருத்திதான். மாப்பிள்ளை எப்படித்தான் பொறுத்துக்கொள்கிறாரோ.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் என் காதுக் கருவி போனை அருகில் கொண்டுபோனாலே விசிலடிக்கிறது. தவிர, இதை எழுத்தில் வைக்க வேண்டும்.

நேற்று எங்கள் ஆவண அறைக்கு ஓர் அறிக்கை வந்தது. என் வேலை உனக்குத் தெரியும். வரும் அறிக்கைக்கு எண் போட்டு, முதுகில் சீட்டு ஒட்டி, அலமாரியில் அடுக்குவது. உள்ளே படிப்பது என் வேலை இல்லை. படித்துவிடுகிறேன் என்பதால்தான் இந்த அலுவலகத்தில் ஒருவருக்கும் என்னைப் பிடிப்பதில்லை. அறிக்கை நம் பழைய ஊர் ஆற்றங்கரையில் கட்டப்போகும் வெள்ளத் தடுப்புச் சுவரைப் பற்றியது. பதினான்காம் அட்டவணையைத் திறந்தேன். காலை 6.10, பகல் 12.10, மாலை 6.10. நாள்தோறும் மூன்று நீர்மட்ட அளவுகள், இரண்டு வருடங்களுக்கு.

உலகத்தில் எவன் ஆறு பத்துக்கு ஆற்றை அளப்பான்? எல்லோரும் ஆறு மணிக்கு அளப்பார்கள். நான் ஆறு பத்துக்கு அளந்தேன், ஏனென்றால் முதல் பேருந்து என்னைப் படித்துறையில் இறக்கிவிடும் நேரம் அது. ஒழுங்குக்காக மற்ற இரண்டு வேளையையும் பத்து நிமிடம் தள்ளி வைத்துக்கொண்டேன். அட்டவணைக்குக் கீழே "மூலம்" என்று போட்டு ஒரு பெயர். நம் கோந்து.

பக்கத்து மேசைத் தட்டச்சர் அம்மா கேட்டார்: "என்ன சார், பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"என் நோட்டை அச்சுல பார்த்தேன்மா."

"நல்ல விஷயந்தானே சார்."

"இன்னொருத்தர் பேர்ல."

அவர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பாதியைச் சட்டைமேல் கொட்டிக்கொண்டேன்.

இருபத்து நான்கு வருடங்கள். என் ஆய்வேட்டை மூன்று முறை "அளவுகள் போதாது" என்று திருப்பியடித்த வழிகாட்டி. மேசையில் கோந்து பாட்டில் இல்லாமல் உட்கார மாட்டார், அடுத்தவன் எழுதியதை வெட்டி ஒட்டிக்கொண்டே இருப்பார், நாற்காலியிலும் அப்படியே ஒட்டிக்கொண்டார் என்று நாமிருவரும் வைத்த பெயர். போதாத அளவுகள் அவருக்கு மட்டும் எப்படிப் போதுமாயின?

விசாரித்துவிட்டு எழுதுகிறேன்.

உன் அண்ணன்

&nbsp;

மார்ச் 11

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் நேற்று வந்தது. இரண்டு தடவை படித்தேன். எனக்கே ஆத்திரம் ஆறவில்லை, உனக்கு எப்படி இருந்திருக்கும்? ரத்தக் கொதிப்பு மாத்திரையை விட்டுவிடாதே. அண்ணியிடம் சொல்லி டப்பாவை மேசைமேல் வைக்கச் சொல்.

அந்த மனிதரைச் சும்மா விடக்கூடாது. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு நீ வீடு திரும்பிய நாளில் அப்பா உன் முகத்தைப் பார்க்காமல் செய்தித்தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தாள் தலைகீழாக இருந்தது. அது எனக்கு மறக்கவில்லை.

உன் மாப்பிள்ளை சொல்கிறார்: "அத்தானுக்கு இனிமேதான் நல்ல காலம். கிழவனை ஒரு கை பார்க்கச் சொல்லு." எங்கள் பள்ளியிலும் இதே கதைதான். பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் இரண்டு பெண்கள் ஒரே தப்பைச் செய்திருந்தார்கள். சரியான விடையைப் பார்த்து எழுதினால் கண்டுபிடிப்பது கஷ்டம். தப்புதான் காட்டிக்கொடுக்கும். ஆசிரியர்கள் வெளியே அனுப்பச் சொன்னார்கள். தலைமையாசிரியை என்ற முறையில் நான் கண்டித்துவிட்டு விட்டுவிட்டேன்.

புகார் கொடு அண்ணா.

உன் தங்கை

&nbsp;

மார்ச் 20

அன்புள்ள தங்கைக்கு,

நலம். மாத்திரை மேசைமேல்தான் இருக்கிறது, உன் அண்ணியின் கண்ணும் அதன்மேல்தான் இருக்கிறது.

புகார் கொடுத்துவிட்டேன். பல்கலைக்கழகத்தில் மூன்று பேர் கொண்ட குழு போட்டிருக்கிறார்கள். நூலகத்தில் உட்கார்ந்து கோந்து எழுதியதையெல்லாம் வரவழைத்துப் படித்தேன். அவர் எடுத்தது வெறும் அட்டவணையை அல்ல. "ஆற்றின் நடை" முழுவதையும் எடுத்திருக்கிறார்.

உனக்கு நினைவிருக்கும். முதல் வருட வெள்ளத்தையும் இரண்டாம் வருட வெள்ளத்தையும் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். உயரம்தான் வேறு. ஏறிய விதமும் இறங்கிய விதமும் ஒன்றே. இந்த ஆறு எவ்வளவு பெருகினாலும் ஒரே நடையில்தான் நடக்கும் என்று அன்று கத்தினேன். நீ சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாய். என் வாழ்க்கையில் நான் கண்டுபிடித்த ஒரே விஷயம் அது. அதற்கு அவர் தன் பெயரை வைத்து, பாடப்புத்தகத்தில் ஏற்றி, விருதும் வாங்கி, ஓய்வும் பெற்றுவிட்டார். பிறகு மேலே அணை வந்துவிட்டதால் அந்தப் படித்துறையில் இயற்கையான வெள்ளத்தை யாரும் மறுபடி அளக்கவும் இல்லை. எல்லோரும் என் எண்களையே நம்பி எழுதியிருக்கிறார்கள். என் வாக்கியங்கள்கூட அப்படியே இருக்கின்றன. ஓர் இடத்தில் மட்டும் "நான்" என்பதை "நாம்" என்று மாற்றியிருக்கிறார். பெருந்தன்மை.

மாப்பிள்ளைக்கு என் அன்பு.

உன் அண்ணன்

&nbsp;

ஏப்ரல் 18

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். தேர்வு நேரம். மூட்டுவலி பரவாயில்லை. வீட்டுக்கு வெள்ளையடித்தோம், சாமானெல்லாம் தாறுமாறாகக் கிடக்கிறது. உன் மாப்பிள்ளை புதுக் கண்ணாடி போட்டிருக்கிறார், பத்து வயது கூடிவிட்டது போலத் தெரிகிறார், சொன்னால் கோபம் வருகிறது.

அண்ணா, ஒன்று கேட்கிறேன். இந்த வயதில் இந்த வழக்கு வேண்டுமா? அவருக்கு எண்பது ஆகப்போகிறது. உனக்கு ஓய்வு பெற ஆறு வருடம் இருக்கிறது. விட்டுவிட்டால் என்ன?

அண்ணியை விசாரித்ததாகச் சொல்.

உன் தங்கை

&nbsp;

ஏப்ரல் 26

அன்புள்ள தங்கைக்கு,

நலம், நீயும் நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

"புகார் கொடு அண்ணா" என்று எழுதியவள் நீ. ஐந்து வாரத்தில் என்ன ஆயிற்று? மாப்பிள்ளையின் புதுக் கண்ணாடியை நீ வாங்கி மாட்டிக்கொண்டாயா?

விட முடியாது. நண்பர்கள் வீடு கட்டினார்கள், நான் அலமாரிக்குச் சீட்டு ஒட்டினேன். ஏன் முடிக்கவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் "ஒத்துவரலை" என்று ஒரே பதிலைச் சொன்னேன். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன வீட்டிலும் அதையே சொன்னேன். உன் அண்ணி மட்டும்தான், "எது ஒத்துவரலை?" என்று திருப்பிக் கேட்டாள். அவளிடம் முழுக்கச் சொன்னேன்.

கோந்து குழுவுக்குப் பதில் கொடுத்திருக்கிறார். அந்த அளவுகளை எடுத்தது தன் திட்டத்தில் சம்பளம் வாங்கிய கள உதவியாளர் என்றும், உதவியாளர் எடுத்த அளவு திட்டத்துக்கே சொந்தம் என்றும். நான்தான் அந்த உதவியாளர். பெயரைக்கூடப் போடவில்லை.

ஆனால் கிழவர் ஒன்றை மறந்துவிட்டார். இரண்டாம் வருட வெள்ளத்தின் ஒன்பது நாட்களும் நான் டைபாய்டில் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். வருகைப் பதிவேட்டில் எனக்கு விடுப்பு, சம்பளம் பிடித்தம். அரசாங்க அளவீட்டுக்காரரும் சாலை துண்டிக்கப்பட்டு வரவில்லை. அந்த ஒன்பது நாளும் ஆற்றை அளந்தது நீ. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த, அவர் திட்டத்தில் காலணாகூட வாங்காத நீ. அந்த இருபத்தேழு அளவுகள் எந்த நியாயத்திலும் அவருடையவை ஆகா. அவை இல்லாமல் "நடை" இல்லை.

நீ ஒரு வாக்குமூலம் தர வேண்டும். நானே எழுதி இணைத்திருக்கிறேன். "அந்த ஒன்பது நாட்களும் நான் நேரில் சென்று அளந்தேன்" என்று. கையெழுத்துப் போட்டு அனுப்பு, போதும்.

உன் அண்ணன்

&nbsp;

மே 19

அன்புள்ள தங்கைக்கு,

நலமா? கடிதம் தபாலில் தொலைந்திருக்கும். வாக்குமூலத்தின் மறு பிரதி இதோ. குழு ஜூலையில் கூடுகிறது.

உன் அண்ணன்

&nbsp;

மே 27

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். எல்லோரும் சுகம்தானே? உங்கள் அண்ணனுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

தினமும் தபால்காரர் வரும் நேரத்தில் வாசலில் நிற்கிறார். "காத்து வாங்கறேன்"கிறார். அந்த வாசலில் காற்றே வராது. இத்தனை வருடத்தில் அவர் விசிலடித்து நான் கேட்டதில்லை. இப்போது சவரம் செய்துகொள்ளும்போது அடிக்கிறார். காதுக் கருவிதான் விசிலடிக்கிறதென்று முதலில் பயந்துவிட்டேன். விசாரணைக்குப் போட்டுக்கொள்ள ஒரு சட்டையை இப்போதே தேய்த்து மாட்டியாகிவிட்டது.

உங்கள் இரண்டு பேருக்குள் என்ன என்று நான் கேட்கவில்லை. ஆனால் அவர் கையெழுத்துக் கேட்டு நீங்கள் சும்மா இருக்கிறவர் இல்லை. உங்கள் பழைய ஊரில் அந்தச் சுவருக்கு அஸ்திவாரம் தோண்ட ஆரம்பித்துவிட்டார்களாம். பள்ளத்துக் குடியிருப்பில் நானூறு வீடுகள், ஒரு பள்ளிக்கூடம். "என் எண்ணை வச்சுக் கட்டற சுவர்டி"ன்னு பெருமையாகச் சொல்கிறார். ஏதாவது சொல்வதாக இருந்தால் சீக்கிரம் சொல்லிவிடுங்கள்.

அண்ணி

&nbsp;

ஜூன் 6

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். இதைப் படிக்குமுன் உட்கார்ந்துகொள். அண்ணி பக்கத்தில் இருக்கட்டும்.

வாக்குமூலத்தில் என்னால் கையெழுத்துப் போட முடியாது. நான் அளக்கவில்லை.

முதல் நாள் காலை போனேன். படித்துறைக்கு இறங்கும் பாதையே இல்லை. மண் என் கண் முன்னால் பாளம் பாளமாக விழுந்தது. பயந்து ஓடி வந்துவிட்டேன். மறுநாளும் போகவில்லை. ஆஸ்பத்திரியில் நீ கண்ணைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, "அளந்தியா?" நான் "ம்" என்றேன். அந்த ஒரு "ம்"தான் அண்ணா.

அதற்குப் பிறகு எழுத வேண்டியதாகிவிட்டது. எனக்கு வெள்ளத்தைப் பற்றி என்ன தெரியும்? உன் நோட்டிலேயே போன வருட வெள்ளத்தின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். ஒவ்வோர் எண்ணோடும் நாற்பது சென்டிமீட்டர் கூட்டி எழுதினேன். அப்படியே இருந்தால் தெரிந்துவிடும் என்று அங்கங்கே கடைசி எண்ணை ஒன்றிரண்டு மாற்றினேன். கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து, பேனாவைக்கூட மாற்றி மாற்றி எழுதினேன்.

நீ அந்த இரண்டு படத்தையும் ஜன்னலில் வைத்துப் பார்த்துக் கத்திய நாளில் நான் கரண்டியோடு நின்றேன் என்று எழுதியிருந்தாய். அன்றே சொல்லியிருக்க வேண்டும். நீ அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இந்தக் கடிதமும் பொய். உன் ஆய்வேட்டை அவர் மூன்றாவது முறை திருப்பி அனுப்பியபோது வீட்டில் எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன். ஆனால் எனக்கு நிம்மதியாக இருந்தது. இனி யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

அட்டவணை என்று நீ எழுதியதும் முதலில் எனக்கு உறைக்கவில்லை. "நடை" என்று படித்தபோதுதான் தெரிந்தது. அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத நான்கு வாரம் ஆனது அதனால்தான். இப்போது அந்த எண்ணை வைத்துச் சுவர் கட்டுகிறார்கள் என்று அண்ணி எழுதினார்.

என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

உன் தங்கை

&nbsp;

ஜூலை 1

தங்கைக்கு,

மூன்று வாரம் உன் கடிதத்தைத் தொடவில்லை. நேற்று பழைய நோட்டை எடுத்து இரண்டு பக்கத்தையும் அருகருகே வைத்துக் கழித்துப் பார்த்தேன். நாற்பது. நாற்பது. நாற்பத்தொன்று. நாற்பது. முப்பத்தொன்பது. இருபத்தேழு தடவை.

ஐந்து நிமிட வேலை. இருபத்து நான்கு வருடத்தில் நான் அதைச் செய்யவில்லை. கோந்துவும் செய்யவில்லை. விருது கொடுத்தவர்களும், பாடப்புத்தகம் போட்டவர்களும் செய்யவில்லை. ஒரே நடையில் நடந்தது ஆறு இல்லை, உன் பேனா.

நான் ஒருவனை இத்தனை காலம் வெறுத்தேன். அவன் திருடன்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் அவன் திருடியது என்னிடம் இருந்ததே இல்லை.

வாயை மூடிக்கொண்டால் நான் ஜெயிப்பேன். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஒரே ஒரு கேள்வி. தண்ணீர் வடிந்த பிறகாவது நீ அங்கே போனாயா? எதையாவது கண்ணால் பார்த்தாயா? பார்த்ததை மட்டும் எழுது. பார்க்காததை எழுதாதே.

&nbsp;

ஜூலை 8

அண்ணனுக்கு,

பத்தாம் நாள் போனேன். படித்துறை மேலே உள்ள பம்ப் அறையின் இரும்புக் கதவில் சேற்றுக்கோடு இருந்தது. தாழ்ப்பாளுக்கு மேலே நான்கு விரல். என் கையை வைத்துப் பார்த்தேன், அதனால் நினைவிருக்கிறது. பம்ப் ஓட்டுபவர் கழுவிக்கொண்டிருந்தார். "ராத்திரிக்குள்ள இவ்வளவு வரும்னு யாரு கண்டா"ன்னார். வேறெதுவும் நான் பார்க்கவில்லை.

விசாரணைக்கு நானும் வருகிறேன்.

உன் தங்கை

&nbsp;

ஆகஸ்ட் 2

தங்கைக்கு,

உன் அண்ணி உன் மூட்டுவலியைப் பற்றிக் கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன். நீ வர வேண்டாம் என்று தந்தி போல இரண்டு வரி அனுப்பியதற்குக் காரணம், உன்னைப் பார்த்தால் நான் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியாததுதான்.

விசாரணைக்கு முந்தின நாள் பழைய ஊருக்குப் போனேன். பம்ப் அறை இருக்கிறது. கதவும் அதே கதவுதான். நாலைந்து பூச்சுச் சாயத்தின் கீழே பழைய தாழ்ப்பாள். என் விரல் தடிமன், அதனால் உன் விரலை உத்தேசித்து நாடாவை வைத்தேன். படித்துறை அளவுகோலின் பூஜ்யத்திலிருந்து ஐந்து மீட்டர் ஐந்து சென்டிமீட்டர். நீ எழுதிய உச்சம் நாலு மீட்டர் முப்பத்து மூன்று. அதோடு அரை மீட்டர் சேர்த்துச் சுவர் கட்டுகிறார்கள். அன்று வந்த அதே தண்ணீர் நாளை வந்தால் சுவருக்கு மேலே ஒரு சாண் போகும். பம்ப் ஓட்டுபவரின் மகன்தான் இப்போது அங்கே வேலை பார்க்கிறார். அவருக்கும் அந்தக் கோடு தெரியும், பள்ளத்துக் குடியிருப்பில் பாதிப் பேருக்குத் தெரியும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். யாரும் கேட்கவில்லை. அட்டவணையில்தான் எண் இருந்ததே.

மறுநாள் விசாரணை. நீளமான மேசை, மூன்று பேர், ஓடாத மின்விசிறி. கோந்து கைத்தடியோடு வந்தார். என்னை அடையாளம் தெரியாதது போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். குழுத் தலைவி என்னைக் கேட்டார்: "இந்த ஒன்பது நாள் அளவை எடுத்தது யாரு? உங்க புகார்ல அதுதானே முக்கியம்?"

"யாரும் எடுக்கலைங்க."

"புரியலை."

நோட்டை மேசைமேல் வைத்து இரண்டு பக்கத்தையும் காட்டினேன். "கழிச்சுப் பாருங்க."

அவர் கழித்தார். ஐந்தாவது எண்ணில் நிமிர்ந்து பார்த்தார், பிறகு ஒரு காகிதத்தை இழுத்து மீதியையும் போட்டார். அதற்குள் கோந்து எழுந்து வந்துவிட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, எண்கள்மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கீழே கொண்டுவந்தார். கடைசிக்கு வந்ததும் விரலை மறுபடி முதல் எண்ணுக்கே கொண்டுபோனார். வாய் திறந்திருந்தது. அந்த முகத்தைப் பார்க்க இருபத்து நான்கு வருடம் காத்திருந்தேன். பார்க்க முடியவில்லை.

தலைவி அவரைக் கேட்டார்: "ஐயா, இந்த வெள்ளத்தை உங்க மேற்பார்வையில அளந்ததா எழுத்துல கொடுத்திருக்கீங்க. இதை வச்சு ஒரு சுவர் ஏறிட்டிருக்கு. இது யாரோட அளவு?"

அவர் என் பக்கம் திரும்பினார்.

"இவனோடது," என்றார். "நான் அளக்கலை. இவன் நோட்டைப் பார்த்து எழுதினேன். அட்டவணை, படம், அந்த நடை, எல்லாம் இவன்துதான். முழுக்க முழுக்க. எழுதிக்கோங்க."

இதே வாக்கியத்தை நான் எத்தனை விதமாகக் கற்பனை செய்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். மாலை, மேடை எல்லாம் வைத்துக்கூடச் செய்திருக்கிறேன்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று தலைவி என்னைக் கேட்டார்.

"ஆமாங்க. முழுக்க என்னுது."

எழுதிக்கொண்டார்கள். உன்னைக் கூப்பிடவில்லை, நான் சொல்லவும் இல்லை. நோட்டு என்னுடையது, சரிபார்க்காதவன் நான்.

வெளியே நடைவழியில் கோந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "நீயாவது ஒரு தடவ பாத்திருக்கலாமேடா," என்றார். திட்டவில்லை, கெஞ்சுவது போல இருந்தது.

"நீங்க மூணு தடவ பாத்துத் திருப்பினீங்களே சார்."

அவர் எழுந்தார். படி இறங்க முடியாமல் தடுமாறினார். கையைப் பிடித்து இறக்கிவிட்டேன். ஏன் செய்தேன் என்று கேட்காதே.

சுவர் வேலையை நிறுத்திவிட்டார்கள். மறுபடி அளக்க ஆள் வருகிறது. அறிக்கைக்கு ஒரு பிழைத்திருத்தத் தாள் அச்சாகி வந்திருக்கிறது: பதினான்காம் அட்டவணை தவறானது, தவறான அளவுகளுக்குப் பொறுப்பு இன்னார் என்று. என் பெயர் அச்சில் வருவது இதுவே முதல் தடவை. வந்த தாளுக்கு எண் போட்டு, அறிக்கைக்குள் நானே ஒட்டி வைத்தேன். தட்டச்சர் அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

உன்னை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. பொய் எழுத வேண்டாம் என்று உனக்குச் சொல்லிவிட்டு நான் எழுதக்கூடாது. அடுத்த வருடம் வேண்டுமானால் கேட்டுப் பார்.

பழைய நோட்டில் அந்த ஒன்பது நாட்களின் மேல் கோடு அடித்துவிட்டேன். கீழே ஒரே ஒரு வரி சேர்த்தேன்: பம்ப் அறைக் கதவு, சேற்றுக்கோடு, 5.05. உன் சேற்றுக்கோட்டை நான் என் பெயரில் போட்டுக்கொண்டால், கோந்துவுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அளந்தவர் என்ற கட்டத்தில் என் பெயர். அதற்கு முந்தின கட்டத்தில், பார்த்தவர் என்ற இடத்தில், உன் பெயரை எழுதினேன்.

உன் அண்ணன்